மையும் தாளும்

பேனா வாங்கப் போகிறவர்கள் கடையில் நின்றுகொண்டு முதலில் என்ன எழுதிப் பார்க்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் தங்கள் பெயரைத்தான். அல்லது கையெழுத்துப் போட்டுப் பார்ப்பார்கள். இரண்டும் பிரயோஜனமில்லாத சோதனை. ஆயிரம் தடவை எழுதிப் பழகிய பெயரை எந்தப் பேனாவாலும் எழுதிவிடலாம். நிப்பின் குறையைக் கையே சரிக்கட்டிக்கொண்டு போய்விடும். கொஞ்சம் வயதானவர்கள் மட்டும் ஒரு பிள்ளையார் சுழி போட்டுப் பார்ப்பார்கள். ஓலையின் பதத்தையும் எழுத்தாணியின் கூர்மையையும் பார்க்கத்தான் இந்தச் சுழியே ஏற்பட்டது என்று சொல்லுவதுண்டு. அது ஒரு பக்கம் இருக்கட்டும். பேனாவைச் சோதிக்க 'உ'வை விடப் பொருத்தமான எழுத்து கிடையாது. சிறிய சுழிப்பு, பெரிய வளைவு, கீழே இறங்கும் கோடு, வலப்பக்கம் இழுத்துவிடும் படுக்கைக் கோடு ஆகிய நாலும் ஓர் எழுத்தில் அடங்கிவிடுகின்றன. நிப்பு எந்தத் திசையில் கீறுகிறது, எந்தத் திசையில் மை கொடுக்க மறுக்கிறது என்பது அந்த ஒரு சுழியில் தெரிந்துபோகும்.

நான் சில வருஷங்களாக நிறையச் சுழி போட்டுவிட்டேன். திண்ணையில் ஒரு பலகை, அதன் மேல் நாலைந்து பேனா, ஏழெட்டு மைப்புட்டி, பலவிதமான நோட்டுப் புத்தகங்கள், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். "இத்தனை சுழிக்குப் பிள்ளையாரே வந்து கொம்பை ஒடிச்சு எழுதிக் குடுத்துட்டுப் போயிருப்பாரு" என்கிறாள் என் மனைவி. தபால்காரர் எட்டிப் பார்த்து, "சார் என்ன, கடை வைக்கப் போறீங்களா?" என்றார். பேனா சேர்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த ஜாதி இல்லை. அழகான பேனாவைக் கண்டால் எனக்கு ஆசை வராது என்று சொல்லவில்லை. ஆனால் கம்மாபுரத்தில் உட்கார்ந்து கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு அந்த ஆசை கட்டுப்படி ஆகாது. எனக்கு வேண்டியதெல்லாம், எழுதினால் கை வலிக்கக் கூடாது. எழுதியது மழையில் கரையக் கூடாது. இந்த இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடைப்பது எவ்வளவு சிரமம் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

மழை என்றதும் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குத் தேதி சொல்ல வேண்டாம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த கதை ஊரறியும். எங்கள் வீட்டில் நாட்டு ஓடுகள் பறந்தன. பறந்த இடம், என் டிரங்குப் பெட்டி இருந்த மூலைக்கு நேர் மேலே. அந்தப் பெட்டிக்குள் இருநூறு பக்க நோட்டுகள் மூன்று இருந்தன. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைக்குக் கண் எழுதுகிற ஒரு பெண்ணைப் பற்றி நான் எழுதிக்கொண்டிருந்த நாவல். முக்கால்வாசி முடிந்திருந்தது. இரண்டு நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது நோட்டுகள் இருந்தன, எழுத்து இல்லை. ஒவ்வொரு தாளும் வெளிர் நீலமாக, சாயம் போன பள்ளிக்கூடச் சட்டை மாதிரி இருந்தது. காய வைத்து, வெயிலில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அங்கங்கே ஒரு கொம்பு, ஒரு புள்ளி.

எங்கள் விருத்தாசலத்துக்கு இது பழக்கமான விவகாரம்தான். சுந்தரர் தமக்குக் கிடைத்த பொன்னை இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூரில் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது புராணம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுகிற பழமொழியே அதிலிருந்துதான் வந்தது. அவருக்குத் திருவாரூர்க் குளம் இருந்தது. நான் எந்தக் குளத்தில் இறங்குவது?

ஆனால் பெட்டியில் இருந்த எல்லாமே போய்விடவில்லை. அதுதான் என்னை யோசிக்க வைத்தது. மூன்றாவது நோட்டில் பதினெட்டுப் பக்கம் அப்படியே இருந்தது. பேனாவில் மை தீர்ந்துபோன ஒரு நாள், விருத்தாசலம் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து, கடையில் வாங்கிய பால்பாயிண்ட் பேனாவால் அவசரத்தில் கிறுக்கிய பக்கங்கள் அவை. நாவலிலேயே சுமாரான அத்தியாயம் அதுதான். எழுதும்போதே 'இதைத் திருப்பி எழுத வேண்டும்' என்று ஓரத்தில் குறித்திருந்தேன். அந்தக் குறிப்பும் பிழைத்திருந்தது!

பிழைத்த இன்னொன்று என் பாட்டனாரின் குடும்பக் கணக்குப் புத்தகம். அவர் இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கர்ணமாக இருந்தவர். 1980-ல் சர்க்கார் பரம்பரைக் கர்ணம், மணியம் உத்தியோகங்களை எடுத்துவிட்டதற்கு வெகு காலம் முன்பே காலமானார். விதை நெல் இவ்வளவு, வண்டிக்கு அச்சாணி இவ்வளவு, பெரிய பெண் கல்யாணத்துக்குக் கடன் இவ்வளவு என்று தொட்டெழுதும் பேனாவால் எழுதிய புத்தகம். என் நோட்டுகளுக்கு அடியில், பெட்டியின் தரையில், தேங்கிய தண்ணீரிலேயே கிடந்தது. அட்டை பிய்ந்துவிட்டது. தாள்கள் ஊறி உப்பியிருந்தன. எழுத்தில் ஓர் அட்சரம் கரையவில்லை. அறுபது வருஷத்துக்கு முந்திய அச்சாணி விலை மழையை ஜெயித்துவிட்டது. என் நாவல் தோற்றுவிட்டது.

கல்லூரியில் நான் இருந்தது இரண்டே வருஷம். பட்டம் வாங்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் ரசாயன வகுப்பில் தூங்கவில்லை என்பது இப்போது உதவிற்று. சாதாரணப் பேனா மை என்பது தண்ணீரில் கரைத்த சாயம். தண்ணீர் ஆவியானால் சாயம் தாளில் தங்கும். மறுபடி தண்ணீர் பட்டால் மறுபடி கரையும். துணியில் கறை பட்டால் வெளுக்கலாம் என்று பள்ளிக்கூடத்துத் தாய்மார்களுக்காகவே அப்படித் தயாரிக்கிற நீல மையும் உண்டு. அவர்களுக்கு வரமாய் இருப்பது எனக்குச் சாபம். பாட்டனார் எழுதியது வேறு வகை. கடுக்காயில் இருக்கிற துவர்ப்புச் சத்து, அதாவது தோல் பதனிட உதவுகிறதே, அந்தச் சத்து, அன்னபேதியோடு சேரும்போது உண்டாகிற மை. அன்னபேதி என்பது இரும்பு உப்பு. இரண்டும் சேர்ந்த நீர் முதலில் வெளிறித்தான் இருக்கும். தாளில் இறங்கிக் காற்றுப் பட்டதும் இரும்பு மாறுதலடைந்து, கரையாத கருப்பாகி, தாளின் நாருக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். இரும்பு அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கினால் காயும் மணையும் கறுத்துப்போகிறதே, ஏறக்குறைய அதே வேலைதான். எழுதும்போது வெளிறியிருந்தால் எழுதுகிறவனுக்குக் கண் தெரியாது என்பதால் கம்பெனிக்காரர்கள் அதில் கொஞ்சம் நீலச் சாயம் கலந்தார்கள். எழுதினவுடன் நீலம், பிறகு கருப்பு. 'ப்ளூ பிளாக்' என்ற பெயருக்கு மூலம் அது. இன்றைக்கு அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பாலானவற்றில் இரும்பு கிடையாது. வெறும் கருநீலச் சாயம். பெயர் மட்டும் பரம்பரையாக வருகிறது.

விருத்தாசலத்தில் நாட்டு மருந்துக் கடையில் கடுக்காயும் அன்னபேதியும் வாங்கி வந்தேன். "வயித்துக்கா சார்?" என்று கேட்டார் கடைக்காரர். "இல்லை, எழுதறதுக்கு" என்றேன். அவர் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கடுக்காயைத் தட்டி ஊறவைத்துக் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, அன்னபேதிக் கரைசலை ஊற்றினதும் தேநீர் நிறமாக இருந்த நீர் ஒரு கணத்தில் கன்னங்கரேல் என்று ஆயிற்று. நாற்பது வயதுக்கு மேல் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்தது அபூர்வம். கொஞ்சம் கருவேலம் பிசினைக் கரைத்துச் சேர்த்து, தொட்டெழுதும் நிப்பால் எழுதி, மறுநாள் தண்ணீரில் போட்டேன். அசையவில்லை. பாட்டனார் மை அதே மைதான்.

உபயோகம்? ஒரு நாவலைத் தொட்டுத் தொட்டு எழுத முடியாது. மூன்று வார்த்தைக்கு ஒரு தரம் கூட்டில் முக்குவதற்குள் பாத்திரம் சொல்ல வந்ததை மறந்துவிடும். அந்த மையைப் பவுண்டன் பேனாவில் ஊற்றினாலோ வண்டல் அடைத்துக்கொள்ளும். பிசின் நாக்குக்கட்டையிலேயே காய்ந்துபோகும். தவிர, இந்த மைக்குப் புளிப்பு ஜாஸ்தி. இரும்பு நிப்பைத் தின்றுவிடும். நாளாவட்டத்தில் தாளையும் தின்னும். பாக் என்ற ஜெர்மானிய சங்கீத மேதை கைப்பட எழுதிய பக்கங்களில், எழுத்து இருந்த இடமெல்லாம் அரித்துப் பொத்தல் விழுந்து, பெர்லின் நூலகத்தில் அவற்றைப் பிழைக்கவைக்கப் பெரும்பாடு பட்டிருக்கிறார்கள். தண்ணீருக்கு அஞ்சாத மை, தான் குடியிருக்கிற வீட்டையே இடிக்கிறது. பவுண்டன் பேனாவுக்கென்று வண்டல் படியாமல், புளிப்பைக் குறைத்துத் தயாரிக்கிற இரும்பு மைகள் வெளிநாட்டில் உண்டு. வரவழைத்தேன். அதைப் பற்றிப் பிறகு.

பால்பாயிண்ட் பேனாவாலேயே எழுதிவிட்டால் தொல்லை இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். என் நண்பர்கள் எல்லோரும் கேட்டார்கள். எண்ணெய்ப் பசையுள்ள மை, தண்ணீரில் கரையாது, விலையும் ஒரு டீ விலைதான். வாஸ்தவம். ஆனால் அந்தப் பேனாவில் முனையிலுள்ள குண்டு உருண்டால்தான் மை வரும். குண்டு உருள அழுத்த வேண்டும். பத்துப் பக்கம் அழுத்தினால் என் வலது கட்டைவிரலின் அடி முட்டு இரவெல்லாம் விண்விண் என்று தெறிக்கிறது. பார்த்த டாக்டர், எழுதுவதைக் குறைக்கச் சொன்னார். எனக்கு வேறு தொழில் தெரியாது என்றேன். அப்படியானால் அழுத்தாமல் எழுதுங்கள் என்றார். அது ஒன்றும் வேடிக்கைக்குச் சொன்னதில்லை. பவுண்டன் பேனாவில் அழுத்த வேண்டியதே இல்லை. நிப்பின் நடுப் பிளவில் தொக்கி நிற்கிற மை, தாளைத் தொட்ட மாத்திரத்தில் தாளின் நாருக்குத் தானே இழுபடுகிறது. கை செய்ய வேண்டியது வழிகாட்டுவது மட்டும். கம்ப்யூட்டரிலும் முயன்று பார்த்தேன். கட்டுரை வருகிறது, கதை வரவில்லை. அதற்குக் காரணம் சொல்லத் தொடங்கினால் தத்துவம் ஆகிவிடும்.

ஆகவே பவுண்டன் பேனாதான் என்று தீர்மானம் ஆயிற்று. இந்தப் பேனாவுக்கு நம் நாட்டில் ஒரு சரித்திரம் உண்டு. காந்தியடிகள் சுதேசியாக ஏதாவது செய்யச் சொன்னார் என்பதற்காக ராஜமுந்திரியில் கே. வி. ரத்தினம் என்பவர் 1930-களில் பேனா செய்ய ஆரம்பித்தார். உடம்பைக் கடைந்துவிடலாம், நிப்புத்தான் அயல்நாட்டுச் சரக்காக இருந்தது. அயல்நாட்டு உறுப்பு ஒன்றுகூட இல்லாத பேனாவைச் செய்த பிறகே அது காந்தியிடம் போயிற்று. கொண்டு சேர்த்தவர் நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. 1935-ல் காந்தி அதை உபயோகித்துவிட்டு, நன்றாக இருக்கிறதென்று கடிதம் எழுதினார். தொண்ணூறு வருஷம் ஆகியும் நிலைமை பெரிதாக மாறவில்லை என்பதுதான் ஆச்சரியம். கையால் கடையும் நல்ல பேனாக்கள் இன்றைக்கும் நம் நாட்டில் இருக்கின்றன. பலவற்றில் நிப்பு ஜெர்மனியிலிருந்து வருகிறது.

என்னிடம் இருப்பது திருவள்ளூரில் கடைந்த ரங்கா பேனா. எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பர். கையில் எடுத்தால் குளிராது, வழுக்காது. வேப்பங்காம்பு பிடித்த மாதிரி இருக்கும். மை உறிஞ்ச உள்ளே பம்பு, திருகு ஒன்றும் கிடையாது. கழுத்தைக் கழற்றி, சொட்டுக்குழாயால் உடம்பு நிறைய மை ஊற்ற வேண்டியதுதான். ஒரு தடவை ஊற்றினால் ஒரு வாரம் எழுதலாம். இந்த ரகப் பேனாவுக்கு, யார் செய்ததானாலும், ஒரு குணம் உண்டு. மை பாதிக்குக் கீழே குறைந்ததும், கைச் சூட்டில் உள்ளே இருக்கிற காற்று விரிந்து, ஒரு பெரிய சொட்டை வாக்கியத்தின் நடுவில் உமிழும். சித்திரை வெயிலில் அடிக்கடி நடக்கும். அதனால் பாதி ஆனதும் நிரப்பிவிடுவேன். நிப்பு நடுத்தரம், ஊசி மாதிரி நிப்பு எனக்கு ஒத்துவரவில்லை. தமிழ் எழுத்துக்கு உருண்டை அதிகம். கூரான நிப்பு ஒவ்வொரு வளைவிலும் தாளைக் கொத்துகிறது.

பேனா முடிந்தது. மைதான் வருஷக்கணக்கில் இழுத்தது. ஒரே முறையில் சோதித்தேன். தேதி, மையின் பெயர், தாளின் பெயர், பிறகு ஒரு வாக்கியம். ஒரு இரவு காயவிட்டு, மறுநாள் காலை பாதித் தாளை டம்ளரில் அரை மணி நேரம் நிறுத்திவைப்பது. அந்த வாக்கியம், தொலைந்த நாவலின் முதல் வாக்கியம். "சூளை ஆறும்வரை அஞ்சலை யாரோடும் பேசமாட்டாள்." மொத்த நாவலிலும் எனக்கு மனப்பாடமாக நின்றது அது ஒன்றே. வேறு எதையாவது எழுதிச் சோதித்திருக்கலாம். கை அதைத்தான் எழுதிற்று.

சிறு வயதில் எழுதிய மைகளையெல்லாம் மறுபடி வாங்கிப் பார்த்தேன். ஒட்டகம் போட்ட புட்டி. 1931-ல் பம்பாயில் தண்டேகர் குடும்பம் மைப்பொடியில் தொடங்கிய கம்பெனி அது. சென்னையின் பிரில். கல்கத்தாவின் சுலேகாவும் ஒரு புட்டி. சுதேசி வேகத்தில் 1934-ல் பிறந்து, எண்பதுகளின் கடைசியில் மூடிக் கிடந்து, மறுபடி திறந்து, இப்போது மீண்டும் பேனா மை தயாரிக்கிறார்கள். நிறங்கள் கண்ணுக்கு விருந்து. ஆனால் அழகுக்கும் ஆயுளுக்கும் சம்பந்தம் இல்லை. டம்ளரில் அஞ்சலை சில சமயம் ஐந்து நிமிஷத்தில் மறைந்தாள். சில சமயம் 'சூளை' மட்டும் மங்கலாக நின்றது. எந்த மை எப்படி என்று பெயர் சொல்லப் போவதில்லை. கரைவது அந்த மைகளின் குற்றம் அல்ல. பேனா அடைக்காமல், சட்டையில் நிற்காமல் இருக்க வேண்டும் என்று தயாரித்தவை, தயாரித்தபடி நடந்துகொண்டன.

தேர்ந்தவை இரண்டு. ஒன்று முன்பு சொன்ன வெளிநாட்டு இரும்பு மை. மற்றொன்று ஜப்பானியக் கரி மை. கரி மையில் சாயமே இல்லை. புகைக்கரியை மிக நுண்ணிய துகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டிருக்கிறார்கள். ஓலையில் எழுத்தாணியால் கீறிய பிறகு நம் முன்னோர் விளக்குக் கரியைப் பூசித் துடைத்தார்களே, அதே கரிதான் கப்பல் ஏறிச் சுற்றி வந்திருக்கிறது. வெயிலுக்கு மங்காது, தண்ணீருக்குக் கரையாது. ஆனால் பேனாவை நாலு நாள் எழுதாமல் வைத்தால் உள்ளே இறுகிவிடும். விலையும் ஒரு புட்டிக்கு 25 கிலோ அரிசிச் சிப்பத்தின் விலை. புட்டியைத் திறக்கும்போதே கை நடுங்குகிற மையால் தாராளமாக எழுத வராது. ஒவ்வொரு வாக்கியத்திலும் சிக்கனம் புகுந்துவிடும். அது சில எழுத்தாளர்களுக்கு நல்லதாகக்கூட இருக்கலாம். நான் இரும்பு மையில் நின்றேன். அரைப் புட்டி ஆறு மாசம் வருகிறது.

இனித் தாள். வேட்டிக்குக் கஞ்சி போடுவது போலவே தாளுக்கும் கஞ்சி போடுகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. மாவுக் கஞ்சி இறங்கிய தாளில் மை மேலேயே நின்று காயும். கஞ்சி போதாத தாளில் மை நாரைப் பிடித்துக்கொண்டு ஓடி, எழுத்துக்கெல்லாம் மீசை முளைத்துவிடும். பள்ளிக்கூட நோட்டுகளில் இந்த மீசை சகஜம். பால்பாயிண்ட் வந்த பிறகு நோட்டுத் தயாரிப்பவர்களுக்கு மை ஓடுவதைப் பற்றிக் கவலை இல்லாமல் போயிற்று என்பது என் அனுமானம்.

எங்கள் ஊர்க் கடையில் இருந்த எல்லா நோட்டிலும் கடைசித் தாளில் ஒரு சுழி போட்டுப் பார்க்க அனுமதி கேட்டேன். கடைக்காரர் என்னை விடச் சின்னவர். தகப்பனார் காலத்துக் கடை. "போட்டுக்குங்க சார். நீங்க போட்ட நோட்டுன்னு சொல்லி ரெண்டு ரூபா கூட்டி விக்கிறேன்" என்றார். எல்லாம் மீசை வைத்தன.

புதுச்சேரிக்குப் போனேன். அரவிந்தாசிரமத்தார் 1959 முதல் நடத்தும் கைக்காகிதத் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கி, தாள் தாளாகச் சல்லடையில் அள்ளி, பிழிந்து, உலர்த்துகிறார்கள். தடவிப் பார்த்தால் துணியா காகிதமா என்று சந்தேகம் வரும். ஓரமெல்லாம் வெட்டாத கரை. சித்திரக்காரர்களுக்கு அமிர்தம் என்று நினைக்கிறேன். நான் அதில் நாலு வரி எழுதினேன். நிப்பில் பஞ்சு சிக்கிற்று. சுத்தம் செய்து இன்னும் இரண்டு வரி எழுதினேன். அந்தத் தாளுக்கு முன்னால் உட்கார்ந்தால் கல்யாணப் பத்திரிகை எழுதுகிற பவ்யம் வந்துவிடுகிறது. அடித்துத் திருத்த மனம் வருவதில்லை. அடிக்காமல் என்னால் ஒரு பக்கம் எழுத முடியாது. என் பெண்ணுக்குப் படம் போடக் கொடுத்துவிட்டேன். ஜப்பானில் டொமோ ரிவர் என்று ஒரு தாள். சதுர மீட்டர் 52 கிராம்தான், வெங்காயத் தோல் போல. மை பின்பக்கம் ஊடுருவாது. மையின் நிறம் அதில் தெரிகிற மாதிரி வேறெதிலும் தெரியாது. ஆனால் காய நேரம் எடுக்கும். கத்திரி வெயிலில் என் முழங்கை வியர்வை பட்ட இடமெல்லாம் மை ஏறவே மறுத்தது. குளிர் தேசத்து அறைகளில் எழுதுவதற்கு ஏற்ற தாள்.

ஆர்ட் பேப்பரிலும் எழுதிப் பார்த்தேன், விளையாட்டாக. தீபாவளி மலர்ப் படங்கள் அச்சாகிற பளபளப்புத் தாள். ஒரு மணி நேரம் கழித்தும் விரல் பட்டால் இழுகிற்று. அதன் பளபளப்பு என்ன தெரியுமோ? வெள்ளைக் களிமண். சீனக்களிமண் என்கிற அதே மண்ணைக் குழம்பாக்கித் தாளின் மேல் பூசி, உருளையில் கொடுத்துத் தேய்த்தால் ஆர்ட் பேப்பர். அச்சில் வார்த்துச் சூளையில் வேகவைத்தால் பீங்கான். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியோடு கிடைக்கிற களிமண்ணை நம்பித்தான் விருத்தாசலத்தில் பீங்கான் பேட்டையே ஏற்பட்டது. ஆகவே மலரில் வருகிற சினிமா நட்சத்திரத்தின் கன்னத்துப் பளபளப்பும் எங்கள் ஊர் பியூஸ் கட்டையும் தாயாதிகள். இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு உண்டான பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை.

அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ளத்தான் பேட்டைக்குப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். புயலுக்குப் பிறகு நான் அங்கே போகவே இல்லை. நாவலுக்காக முன்பு வாரம் ஒரு முறை போய் உட்கார்ந்திருந்த கொட்டகையில், பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்த பெண்மணி ஒருவர் என்னை ஞாபகம் வைத்திருந்தார். "என்னாண்ணே, எங்க கதையெல்லாம் எழுதறேன்னு சொன்னிங்க, புஸ்தகம் வந்துதா?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் பிரஷ்ஷைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். வெந்த, ஆனால் மினுக்குக் கொடுக்காத பீங்கான் மையொற்றும் தாளைப் போல ஈரத்தை இழுக்கும். கோடு பிசகினால் திருத்த முடியாது. ஒரு கிருஷ்ணருக்கு இரண்டு கண்ணையும் எழுதி முடித்துவிட்டு, "இதுவும் தண்ணி பட்டா போயிடும்ணே. சூளையில வெந்து வந்தாத்தான் நிக்கும்" என்றார். பிறகு, "அஞ்சலைன்னு பேரு வச்சிருக்கேன்னு சொன்னிங்களே. அவ என்னா ஆனா கடைசியில?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. எழுதி முடிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் முடிவு அப்போது எனக்குத் தெரிந்தே இருந்தது. அந்தக் கொட்டகையில் நின்றபோது அந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பின் தாள் கிடைத்த விதம் இது. விருத்தாசலம் பஸ் நிலையத்தருகே ஒரு கடையில், அட்டையில் 'கரும்புச் சக்கைக் காகிதம்' என்று அச்சடித்த சாதாரண நோட்டு ஒன்றைப் பார்த்தேன். கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வது நமக்குப் புதிதில்லை. கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979-ல் தொடங்கியதே அதற்காகத்தான். காடுகளை வெட்டாமல், ஆலையில் பிழிந்து போட்ட சக்கையைக் கூழாக்குவது. எங்கள் மாவட்டத்தில் நெல்லிக்குப்பம் ஆலைப் பக்கம் மலை மலையாகக் குவிந்திருக்கும் சக்கையைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதில் எழுதலாம் என்று தோன்றியதே இல்லை. சக்கையின் நார் குட்டை. அதனால் தாள் வழவழப்பாக அமைகிறது. சுழி போட்டேன். மீசை இல்லை. பின்பக்கம் லேசாகத் தெரிந்தது, ஊடுருவவில்லை. வாக்கியத்தை எழுதி ஒரு நாள் வைத்து டம்ளரில் இறக்கினேன். அரை மணி அல்ல, மறதியாக ஒரு பகல் முழுவதும் கிடந்தது. தாள் குழைந்துவிட்டது. அஞ்சலை பேசாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள், கறுப்பாக.

அந்த நோட்டிலேயே, சோதனைக்கு எழுதிய வாக்கியத்துக்குக் கீழே, இன்னொரு வாக்கியம் எழுதினேன். நூறு தடவைக்கு மேல் முதல் வாக்கியத்தை எழுதியும் இரண்டாவது வாக்கியம் ஞாபகத்துக்கு வந்ததே இல்லை. இப்போது வந்ததும் பழைய இரண்டாவது வாக்கியம் இல்லை. பழைய நாவலில் அஞ்சலைக்கு ஒரு தம்பி உண்டு, இதில் இல்லை. பழையதில் அவள் ஊரை விட்டுப் போவாள். இது இப்போது 140-ஆம் பக்கத்தில் இருக்கிறது, அவள் இன்னும் போகவில்லை. பிழைத்த பதினெட்டுப் பக்கத்தையும் எடுத்துப் பார்த்தேன். அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடிந்தது பஸ் நிலையத்து முறுக்குக்காரன் ஒருவன்தான்.

கை வலி குறைந்திருக்கிறது, போகவில்லை. ஒரு நாளைக்கு ஆறு பக்கம் என்று டாக்டரும் நானும் உடன்பட்டிருக்கிறோம். முதல் நோட்டு முடிந்து இரண்டாவது வாங்கப் போனபோது பஸ் நிலையத்துக் கடையில் அந்தச் சரக்குத் தீர்ந்துவிட்டது. எங்கள் ஊர்க் கடைக்காரரிடம் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். புரட்டிப் பார்த்தார், தாளை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். "இது போவாது சார் இங்க. பசங்க அட்டையில படம் இருந்தாத்தான் கேப்பானுங்க" என்றார். பிறகு, "எத்தினி வேணும்?" என்றார். நாலு என்றேன். "டஜனா எடுத்தாத்தான் குடுப்பான். பள்ளிக்கூடம் தொறக்கறதுக்கு எப்படியும் கடலூர் போவணும், எடுத்தாறேன். மிச்சம் எட்டையும் நீங்களே வாங்கிக்கணும், சொல்லிட்டேன்" என்றார். சம்மதித்து முன்பணமும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.